ஒரு வினைச்சொல்லின் திறப்பு விழா

ஓசூர்த் தொழிற்பேட்டையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பொன் விற்கிற விலையில் அது முடியாது என்பதால் சாதாரண மையிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். சென்ற ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், வாகனங்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தொழில்துறைப் பிரமுகர்கள் முன்னிலையில், செல்போனில் நாதஸ்வரம் முழங்க, ஆங்கில மொழியின் வினைச்சொல் ஒன்று ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கப்பட்டது. பாலம் திறப்பார்கள், பேருந்து நிழற்குடை திறப்பார்கள். வினைச்சொல்லைத் திறந்து வைத்த பெருமை நம்மைத்தான் சேரும். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை விசாரித்தாயிற்று, அப்படி எதுவும் நடக்கவில்லையாம்.

இந்த வரலாற்றில் சுமலதாவின் பங்கு சிறியது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பெட்டி. அது சரியான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுமலதா மூன்றாவது லைனின் லீடர். வீடு பாகலூர் ரோட்டில். வீட்டில் தெலுங்கு பேசுவாள், லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். அவள் லைனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். மத்தூரிலிருந்தும் கல்லாவியிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் பாதி, தினமும் கம்பெனி பஸ்ஸில் சூளகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மீதி. பெண்கள் ஓய்வறையில் மூடி உடைந்த குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது. அது நிரம்பி வழிகிற நாட்களில், தூக்கிப்போட வேண்டியதைப் பேப்பரில் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வீடு வரை கொண்டுபோனார்கள். நிரம்பாத நாட்களில், துப்புரவு வேலை பார்க்கும் சம்பங்கி தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சுவருக்கு அப்பால் கொட்டினாள். அங்கே நாய்கள் இருந்தன.

நாப்கினை எரிக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று சுமலதா கேட்க ஆரம்பித்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கேட்கிற ஒவ்வொரு முறையும் எதிரிலிருந்த ஆண் அதிகாரி திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிக்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியில் மரங்களும் மேகங்களும் அவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டது அந்தச் சந்தர்ப்பங்களில் மட்டும்தான்.

கடைசியில் காரியத்தைச் சாதித்தது ஒரு நாய். வெளிநாட்டு கஸ்டமர் வந்திறங்கிய அன்று, அது பேப்பர் பொட்டலம் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கொடிக்கம்பத்தடியில் வைத்து, காலை நீட்டிக் காவல் காத்தது. அது என்ன என்று கஸ்டமர் கேட்டார். பிளான்ட் ஹெட் ராஜசேகர் சற்றும் தடுமாறாமல், "பேக்கிங் மெட்டீரியல்" என்றார். அன்று சாயங்காலமே மெஷினுக்கு ஆர்டர் போனது.

ராஜசேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். புனேயில் தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து அவர் தொழிற்சாலையில் ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்திருந்தார். தினமும் காலையில் பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் 'இன்றைய சொல்'. ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த கதை. பிறகு எல்லாரும் மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு தொழிலாளி முன்னால் வந்து அதை வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும். கூடி இயங்குவது என்று பொருள்படும் 'சினெர்ஜி' வந்த நாளில், எலக்ட்ரீஷியன் மாடசாமி முன்னால் வந்து, தனக்கும் ஜெனரேட்டருக்கும் சினெர்ஜி இல்லை, புதுசு வாங்கித் தாருங்கள் என்று அமைத்துக் காட்டினார். அதன்பிறகு வாக்கியங்களை எச்.ஆர். விமல்ராஜே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

மெஷின் வந்திறங்கியது. சுவரில் மாட்டுகிற கீசர் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் 'இன்சினரேட்டர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ராஜசேகர் அந்த வழியாகப் போனவர், அந்தச் சொல்லைப் பார்த்து நின்றுவிட்டார். நகை வாங்கப் போகாத மனிதர் நகைக்கடை வாசலில் நிற்பது போன்ற நிற்றல்.

"விமல், இந்த வெர்ப் என்ன தெரியுமா?"

சிங்காரப்பேட்டைக்காரரான விமல்ராஜ் போனை எடுத்துத் தேடினார். "இன்சினரேட் சார். எரிக்கிறது."

"எரிக்கிறதுன்னா பர்ன். யார் வேணும்னாலும் பர்ன் பண்ணலாம். அது ஆபரேட்டர் லெவல். இன்சினரேட் வேற. ஆரிஜின் பாருங்க."

ஆரிஜின் பார்க்கப்பட்டது. லத்தீனில் 'கினிஸ்' என்றால் சாம்பல். 'இன்' என்றால் உள்ளே. இன்சினரேட் என்றால் சும்மா தீ வைப்பதில்லை, ஒரு பொருளைச் சாம்பல் என்னும் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக ஆங்கிலத்தில் புழங்குகிறது.

ராஜசேகருக்குக் கண்ணில் ஒளி வந்தது. மறுநாளே மெஷின் வரவேற்பறைக்குப் போனது. சுழற்கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே, அவர் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மேலே ஒரு பலகை: 'எமது பசுமைப் பயணம்'.

"இன்னாம்மா, நம்ம பூதிப் பொட்டி வந்திருச்சாமே. வாசல்ல வெச்சிக்கினு பூ சாத்திக்கினு இருக்காங்க" என்றாள் சம்பங்கி. பூதி என்றால் கன்னடத்தில் சாம்பல். மெஷின் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே லைன் பெண்கள் அதற்கு வைத்த பெயர் அதுதான்.

சுமலதா கையுறையைக் கூடக் கழற்றாமல் ராஜசேகர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த மெஷினு எங்க ரெஸ்ட் ரூமுக்குன்னுதான் கேட்டிருந்தோம்."

"சுமலதா, திங்க் பிக். ரிசப்ஷன்ல வெச்சா வர்ற கஸ்டமர் எல்லாம் பார்ப்பாங்க. அங்க வெச்சா யார் பார்ப்பாங்க?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே சார் கேட்டது."

ராஜசேகர் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தைக் கண்டுபிடித்தார். "அது ஃபேஸ் டூ" என்றார் மரத்திடம்.

அந்தத் தொழிற்சாலையில் ஃபேஸ் டூ என்பது பெரிய ஊர். பஸ் நிற்குமிடத்துக் கூரை, கேன்டீனின் இரண்டாவது மின்விசிறி, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அங்கே குடியேறிவிட்டன. அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. சுமலதா லைனுக்குத் திரும்பினாள். பெண்கள் வயரைச் செருகிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, எப்ப வருதாம்?" என்று கேட்டாள் மேகலா. மத்தூர்ப் பெண், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"உனுக்குப் பொண்ணு பொறந்து, அது இங்க வேலைக்கு வரும்போது."

புதன்கிழமை மதியம் ஒத்திகை. மறுநாள் விழாவில் வினைச்சொல்லின் பொருளைக் கண்கூடாகக் காட்ட வேண்டும் என்பது ராஜசேகரின் திட்டம். மெஷினில் ஒரு பொருளைப் போட வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், கீழ்த்தட்டை இழுத்தால் கினிஸ் வர வேண்டும். மங்கலமாக இருக்கட்டுமென்று கற்பூரத்தைப் போட்டார்கள். தட்டில் ஒன்றுமே இல்லை. இன்னொரு கட்டி போட்டார்கள். அதுவும் மிச்சமில்லாமல் போனது.

"சாம்பல் எங்க?" என்றார் ராஜசேகர்.

"கற்பூரம் சாம்பல் வெக்காது சார்" என்றார் விமல்ராஜ்.

"அப்ப அது இன்சினரேட் ஆகலை. வெறும் பர்ன். நாளைக்கு எனக்கு சாம்பல் வேணும்."

விமல்ராஜ் நேராக மூன்றாவது லைனுக்கு வந்தார். பின்னாலேயே மாடசாமியும் வந்தார், கையில் டெஸ்டரோடு.

"அக்கா, ஒரு ஹெல்ப். கொஞ்சம் சாம்பல் வேணும்."

"ஏம்பா, பாத்திரம் தேய்க்கவா?"

"விளையாடாதீங்கக்கா. சாம்பல் வரலன்னா சார் பேச்சுல பாதி அடிபட்டுரும். பேப்பர் போட்டுப் பாத்தோம். பொகை வந்து கப்பெல்லாம் கறுத்துப்போச்சு."

"கறுக்காம என்ன செய்யும்?" என்றார் மாடசாமி. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடம் ஓசூர்த் தண்ணீர் குடித்தும் பேச்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. "பொகைக் குழாயை வெளிய விடணும்லா. அங்கன எங்க விட? சார் போட்டோவைத் தொளைச்சித்தான் விடணும். யக்கா, உங்க ரூம்புல பெரிய பிளக் பாயிண்டு வச்சி, சுவத்துல தொளையும் போட்டு ஒரு வாரமாச்சு. அந்தத் தொளை என்னையப் பாத்துச் சிரிக்கி."

சுமலதா ஒரு வயரின் நுனியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "அது எதை எரிக்கறதுக்குப் பண்ணதோ, அதைப் போடு விமலு. சாம்பல் வரும்."

விமல்ராஜின் காது மடல் சிவந்தது. "அக்கா… அதை… எப்படி…"

"புதுசுப்பா. கடையில வாங்கினது, பிரிக்காதது. நானே தர்றேன்."

"சார்கிட்ட என்னன்னு சொல்றது?"

"சாம்பிள்னு சொல்லு. உங்க ஆபீஸ்ல சாம்பிள்னு சொன்னா யாரு பிரிச்சுப் பாக்கறாங்க?"

விமல்ராஜ் அதை வாங்கி, போன ஆயுத பூஜையில் மிச்சமான தங்க நிறக் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ராஜசேகரிடம், "சாம்பிள் ரெடி சார்" என்றார். ராஜசேகர், "குட்" என்றார். அந்த அலுவலகத்தில் ஒரு சாம்பிள் அவ்வளவு சுலபமாகத் தேறியது அதுவே முதல் முறை.

வியாழன் வந்தது. வரவேற்பறைக் கண்ணாடிக் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வெள்ளைச்சாமி, சிறுதொழில் அதிபர், வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வட்டாரத்தில் எந்தத் திறப்பு விழா என்றாலும் கூப்பிடுவார்கள் என்பதால் கத்தரிக்கோலைத் தன் காரிலேயே வைத்திருப்பவர். கேன்டீன் சமையல்காரர் அர்ச்சகரானார். எலுமிச்சம்பழம் நசுக்கி, சாம்பிராணி போட்டு, பித்தளைத் தட்டில் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்து மெஷினுக்குத் தீபாராதனை காட்டினார். மெஷின் மேல் மூன்று பொட்டு.

ரிப்பன் வெட்டப்பட்டது. ராஜசேகர் தங்கப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, எல்லாருக்கும் காட்டி, மெஷினுக்குள் இட்டார். சம்பங்கி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கசிந்த புகை சாம்பிராணிப் புகையோடு கலந்துபோனது. எரிந்து முடியும் வரை ராஜசேகர் பேசினார். ரோமானியர்களில் தொடங்கினார். பர்ன் என்பது பாமரச் சொல் என்றார். தீ எல்லாரிடமும் இருக்கிறது, சாம்பல் வரை போகிறவனே தலைவன் என்றார். ஒவ்வொருவரும் தமக்குள் இருக்கும் சோம்பலை இன்சினரேட் செய்ய வேண்டும் என்றார். எல்லாரும் மூன்று முறை சொன்னார்கள். மூன்றாவது முறைக்குள் பின்வரிசையில் அது வேறு ஏதோ ஆகியிருந்தது.

விளக்கு அணைந்தது. விமல்ராஜ் கீழ்த்தட்டை இழுத்தார். சாம்பல் வந்திருந்தது. மெல்லிய, வெளுத்த, குறை சொல்ல முடியாத சாம்பல். ராஜசேகர் அதை விசிறி ஆற வைத்து, பித்தளைத் தட்டில் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் நடுவே கொட்டி, "திஸ் இஸ் கினிஸ்" என்று விருந்தினர் முன் நீட்டினார்.

நீட்டியது தவறு. பித்தளைத் தட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் சாம்பலைக் கண்டால், நம் பக்கத்து மனிதனின் கை மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றினார், மூன்று விரல்களால் எடுத்தார், கண்ணை மூடி நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். விருந்தினரே பூசிய பிறகு உள்ளூர்க்காரர்கள் சும்மா இருப்பது மரியாதையில்லை. உற்பத்தி மேலாளர் பூசினார். தர மேலாளர் பூசினார். ஸ்டோர்ஸ் அதிகாரி பூசிவிட்டு, வீட்டுக்கு என்று கொஞ்சம் பேப்பரில் மடித்துக்கொண்டார். தட்டு சுற்றி ராஜசேகரிடமே வந்தது. அவரும் பூசிக்கொண்டார். விமல்ராஜின் முறை வந்தபோது மட்டும் அவருக்கு அவசர போன் ஒன்று வந்தது. அடிக்காத போன்.

பெண்கள் வரிசையில் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மேகலா முன்னால் நின்றவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இப்போது வாக்கியம்" என்று அறிவித்தார் ராஜசேகர். "சுமலதா, கம்."

'எங்கள் நிறுவனம் கழிவுகளை இன்சினரேட் செய்து தேசத்தைக் கட்டி எழுப்புகிறது' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை விமல்ராஜ் எழுதிக் கொடுத்திருந்தார். சுமலதா மனப்பாடம் செய்துதான் வந்திருந்தாள். மைக்கைக் கையில் வாங்கியபோது வெள்ளைச்சாமி மூக்கைச் சுருக்கிக் கேட்டார்.

"சாம்பிராணியத் தாண்டி என்னமோ பிளாஸ்டிக் வாசன அடிக்குதே. அந்தப் பொட்டலத்துல என்ன சார் இருந்துச்சு?"

ராஜசேகர் விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் சுமலதாவைப் பார்த்தார். சுமலதா மெஷினைப் பார்த்தாள். கோப்பைகளுக்குக் கீழே, மூன்று பொட்டோடு, மாலையோடு, அது சாமியாகிவிட்டிருந்தது. இப்போது பேசாமல் தேசத்தைக் கட்டி எழுப்பிவிட்டுப் போனால், அது இங்கேயே இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி பூ வைப்பார்கள். சூளகிரி பஸ்ஸில் பொட்டலங்கள் தொடர்ந்து போகும்.

"வாக்கியத்துல வெச்சே சொல்லிட்றேன் சார்" என்றாள் மைக்கில். "எங்க லேடீஸ் ரெஸ்ட் ரூமுக்குன்னு வாங்கின மெஷினுல, எங்க சார் ஒரு நாப்கினை இன்சினரேட் பண்ணாரு." கொஞ்சம் நிறுத்தி, "புதுசுதான் சார். பயப்படாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது. மேலாளர்களின் கைகள் ஒரே நேரத்தில் நெற்றி வரை போயின, ஒரே நேரத்தில் நின்றன. பூசிய திருநீற்றை இத்தனை பேர் முன்னால் அழிப்பது எப்படி? அழிக்காமல் நிற்பதும் எப்படி? பாதி வழியில் நின்ற கைகளால் சிலர் தலையைச் சொறிந்தார்கள். தர மேலாளர் யாருக்கோ சல்யூட் அடிப்பவர் போல அப்படியே நின்றார். ஸ்டோர்ஸ் அதிகாரி பேப்பர் மடிப்பை மெல்ல எடுத்துப் பூந்தொட்டிக்குள் விட்டார்.

வெள்ளைச்சாமி மட்டும் நெற்றியைத் தொடவில்லை. "என் வூட்ல மூணு பொண்ணுங்க சார்" என்றார் நிதானமாக. "கடைக்குப் போறவன் நான்தான். பிராண்டு மாத்தி வாங்கினா திட்டு வேற." மெஷினைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "நல்ல மிஷினுதான். ஆனா இத எதுக்கு வாசல்ல வெச்சிருக்கீங்க? பொம்பளைங்க இங்க வந்தா போடுவாங்க?"

இதே கேள்வியைச் சுமலதா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் வெள்ளைச் சட்டையிலிருந்து வந்தபோதுதான் அது கேள்வி என்பதே ராஜசேகருக்குப் புரிந்தது.

"இது… டெமோ சார். டெம்பரரி. ஃபேஸ் டூல உள்ள போயிரும்."

"ஃபேஸ் டூ எப்ப சார்?" என்றாள் சுமலதா. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கேள்வி கேன்டீன் வரை கேட்டது.

ராஜசேகர் ஜன்னலைத் தேடினார். கதவுகளெல்லாம் திறந்திருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்கள்தான் நின்றார்கள், மரம் ஒன்றுகூட இல்லை.

"இன்னைக்கு" என்றார். பிறகு, இன்னொரு விருந்தினர் வந்து தட்டைக் கேட்டுவிடப் போகிறாரே என்று பயந்தவர் போல, "இப்பவே. மாடசாமி, எடுங்க" என்றார்.

மாடசாமி ஏற்கனவே தள்ளுவண்டியோடு நின்றார். மாலையும் பொட்டும் ரிப்பனின் மிச்சமுமாக மெஷின் லைன்களுக்கு நடுவே ஊர்வலம் போனது. பெண்கள் வழிவிட்டு நின்று கைதட்டினார்கள். மேகலா ஓடிப்போய் ஓய்வறைக் கதவைத் திறந்து பிடித்தாள். "ஏ, பாத்து, பாத்து. சாமி சாஞ்சிரப் போவுது" என்று சம்பங்கி பின்னால் போனாள். உள்ளேயிருந்த அந்த மூடி உடைந்த தொட்டியை எடுத்துக் காலி செய்து, சரக்கைத் திருப்பி ஒப்படைப்பவள் போல ஸ்டோர்ஸ் அதிகாரி அறை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். குழாய் துளையில் நுழைந்தது. பிளக், பாயிண்டில் பொருந்தியது.

அன்று மதியம் ராஜசேகருக்குத் தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம் இருந்தது. நெற்றியை எங்கே வைத்துத் துடைப்பது என்று முடிவெடுப்பதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. ஏதாவது பண்டிகையா என்று திரையில் கேட்டார்கள். அவர் சற்றும் தடுமாறாமல், "லோக்கல் ஃபெஸ்டிவல்" என்றார்.

'இன்றைய சொல்' வழக்கம் ஃபேஸ் டூவுக்கு மாற்றப்பட்டது. 'எமது பசுமைப் பயணம்' பலகையை மாடசாமி கேட்டு வாங்கி, ஜெனரேட்டர் அறையில் மழை ஒழுகும் இடத்துக்கு மேல் அடித்துக்கொண்டார். விமல்ராஜ் இப்போது சுமலதாவைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார். முன்னேற்றம்தான். லத்தீன்காரர்கள் சாம்பலை வைத்து அந்தச் சொல்லைச் செய்தார்களாம். மெஷினை ஓய்வறையில் இன்னும் பூதிப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

சுவிட்சைப் போட்டால் எரிகிறது.